வலிய ஏலாவில் ஒரு சிவப்புப் புள்ளி

முதல் டிப்பர் கொட்டிவிட்டது. செம்மண் சரிந்து வயலுக்குள் இறங்கி, பால் பிடித்து நின்ற கதிர்களை அமுக்கிக்கொண்டு, அடியில் கிடந்த தண்ணீரை வரப்புக்கு மேலே தள்ளியது. இரண்டாவது டிப்பர் கீ கீ என்று கத்தியபடி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. நந்தனா பச்சை சைக்கிளைப் பாலத்துச் சுவரில் சாய்த்தாளா, கீழே போட்டாளா என்று அவளுக்கே தெரியாது. முதுகுக்குப் பின்னால் சக்கரம் சும்மா சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பள்ளிக்கூட யூனிஃபார்மோடு, ஒரு கால் செருப்பு சேற்றில் மாட்டிக் கழன்றுவிட, அவள் ஓடினாள்.

நிறுத்துங்க என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள். அப்போதுதான் ரோட்டோரம் குடையை ஊன்றி நிற்கிற பெரியப்பாவைக் கண்டாள். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

"ஏட்டி நந்தனா, ஸ்கூலுக்குப் போகல்லியா நீ?" என்றார் பெரியப்பா நாராயணபெருமாள்.

"போய்ட்டிருந்தேன் பெரியப்பா. கூட்டத்தக் கண்டு நின்னேன்."

"நின்னு பாத்துட்டுப் போ. நம்ம ஊருக்கு பஸ் ஸ்டாண்டு வருகுல்லா. இனி நீ மார்த்தாண்டம் போய் இடிபடாண்டாம். இங்கேருந்தே திருவனந்தரத்துக்கு வண்டி ஏறலாம், கேட்டியா?"

வயலுக்குள் பொன்னுலிங்கம் மாமா நின்றார். முட்டுவரை சேறு, தோளில் மம்பட்டி, நெற்றியில் காலையில் இட்ட வெள்ளை நாமம். அவர் கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. டிப்பர் வருகிற வழியில் கதிர்களுக்கு நடுவே நட்டுவைத்த கம்பு மாதிரி நின்றார்.

"ஓய், மேல ஏறும் ஓய்! மண்ணு உம்ம தலையில விழுந்தா கேஸு எம்மேலல்லா வரும்!" என்று டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினான்.

"நீ தட்டு மக்கா. நெல்லு மேல தட்டின கைக்கு ஆளு மேல தட்ட என்ன கூச்சம்?"

கூடி நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஆலங்கோட்டுவிளை ஊரில் இத்தனை காலி இடம் கிடக்க, ரப்பர் வெட்டிய மேடுகள் கிடக்க, பஸ் ஸ்டாண்டு ஏன் இந்த வயலைத் தேடி வந்தது என்று அங்கே நின்ற ஆண்கள் யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும். கூப்பிட்டுக் கொண்டுவந்ததே அவள்தான்.

ஓணம் கழிந்த சமயத்தில் அந்தப் பச்சை சைக்கிள்கள் ஊருக்கு வந்தன. பக்கத்து ஊர் என்ஜினீயரிங் காலேஜும் பேரூராட்சியும் சேர்ந்து நடத்திய சோதனை அது. சந்தை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சர்ச் முக்கு என்று அங்கங்கே வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். போன் நம்பரைக் கொடுத்தால் ஒரு ரகசிய எண் வரும், பூட்டு திறக்கும். அரை மணி நேரத்துக்குள் பூட்டிவிட்டால் காசு கிடையாது. யாரும் எடுக்கலாம், எங்கேயும் விடலாம். சீட்டுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. சைக்கிள் எங்கே திறக்கிறது, எங்கே பூட்டுகிறது என்று அது காலேஜுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஜனங்கள் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று தெரிந்தால் கடை எங்கே வேண்டும், பஸ் எங்கே நிற்க வேண்டும், எந்த நிலத்தை எதற்கு விட வேண்டும் என்று திட்டம் போடலாமாம். தொடக்க விழாவில் ஸ்ரீஜித் சார் மைக்கைப் பிடித்து அப்படித்தான் சொன்னார். காலேஜில் மேல்படிப்புப் படித்துக்கொண்டே இந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். பிளஸ் டூ பிள்ளைகளில் நாலைந்து பேரை உதவிக்குச் சேர்த்துக்கொண்டார். அதில் நந்தனாவும் ஒருத்தி.

அந்தப் பெட்டியைப் பற்றி அவள் அன்றைக்கு நினைக்கவேயில்லை. சைக்கிள் கிடைத்ததே பெரிது. பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளைப் பெரியப்பா மகன் வேலைக்குப் போக எடுத்துக்கொண்டான். கேட்டால், "பொம்பளப் பிள்ளைக்கு நடக்கக் காலில்லியா?" என்று பெரியப்பாதான் பதில் சொன்னார்.

ஒரு நாள் அம்மா செல்லக்கனி காய்ந்த துணியை மடித்துக்கொண்டே, ஏதோ உப்பு இருக்கா என்று கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஏட்டி, அந்தப் பச்ச வண்டி பொம்பளைக்கும் தொறக்குமா?"

"அது ஆம்பள பொம்பள பாக்காதும்மா. நம்பர் இருந்தாத் தொறக்கும்."

"எனக்குத்தான் நம்பர் இருக்கே."

அம்மாவின் மனசில் ஒரு அங்கன்வாடி இருந்தது. குன்றுக்கு அந்தப் பக்கம் உதவியாளர் இடம் காலி. விண்ணப்பம் போட்டிருந்தாள். பஸ் போகாத இடம். ஆட்டோவுக்குக் கொடுத்தால் சம்பளத்தில் பாதி போய்விடும். அப்பா மஸ்கட்டில். அப்பாவின் காதும் கண்ணும் பெரியப்பா. விண்ணப்பத்தைப் பற்றி ஜாடையாகக் கேட்டுப் பார்த்தபோது, "நம்ம வீட்டுப் பொம்பள ஊரான் பிள்ளைக்கு மூக்கு தொடைக்கப் போகாண்டாம்" என்று ஒரே வெட்டு. அதனால் பெரியப்பாவுக்குத் தெரியாமல் போட்டாள். பெரியப்பாவுக்குத் தெரியாமல் சைக்கிள் படித்துக்கொள்ளவும் முடிவு செய்தாள்.

ஆனால் எங்கே படிப்பது? ஊர் முழுக்க ஏற்றமும் இறக்கமும். தெருவில் பெடலைச் சவுட்டிப் பழகினால் சாயங்காலத்துக்குள் மஸ்கட்டுக்குத் தகவல் போய்விடும். நேராக, சமமாக, வீடு வாசல் இல்லாமல் கிடந்தது ஒரே இடம்தான். ஊருக்குக் கிழக்கே இறக்கத்தில் கிடக்கிற வயல்வெளி. வலிய ஏலா என்று பேர். சுற்றிலும் வாழையும் ரப்பருமாகிவிட, பொன்னுலிங்கம் மாமா குத்தகைப் பாட்டத்துக்கு எடுத்த பகுதியில் மட்டும் நெல் நின்றது. அதன் ஓரமாக, தோடு என்கிற சின்ன ஓடையை ஒட்டி, ஒரு மண்ரோடு. விடிந்தும் விடியாத நேரத்தில் அங்கே ஆள் இருக்காது.

முதலில் அம்மா மட்டும். பிறகு பக்கத்து வீட்டு கிரேசி அக்காவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

"சுகருக்கு நடக்கப் போறோம்னு சொல்லிட்டு ரெண்டு பேரும் எங்கட்டி போறிய? உங்க அம்மைக்கு சுகரே கிடையாதே!"

அப்புறம் தையல் தைக்கிற ஜெபகுமாரி. அவளுக்குப் பின்னால் அவளுடைய நாத்தனார். ஐப்பசி பிறந்தபோது எட்டு பொம்பளைகள். எட்டு பேருக்கும் திடீரென்று சர்க்கரை வியாதி. நந்தனாவும் கூட்டுக்காரி பிரிஜாவும் சந்தை முக்கிலிருந்து ஆளுக்கொரு சைக்கிளைச் சவுட்டி முன்னால் போவார்கள், திரும்ப வந்து இன்னும் இரண்டை எடுத்துப் போவார்கள். பின்னாலேயே நடைக்கூட்டம் வரும். ஆளுக்கொரு நம்பரில் பதிந்து கொடுத்தாள் நந்தனா. பேர் கேட்ட இடத்தில் தன் பள்ளிக்கூட டீச்சர்களின் பேர்களைப் போட்டுவைத்தாள்.

"ஏட்டி, இன்னைக்கு கெமிஸ்ட்ரி டீச்சர் தோட்டுக்குள்ள விழுந்துட்டாவ" என்று பிரிஜா சொல்வாள். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

அரை மணி நேரக் கணக்கில் ஜெபகுமாரிக்குத்தான் பெரிய பயம். "சவம், கூடிப்போச்சுன்னா எங்க வீட்டுக்காரவிய போன்ல காசு பிடிச்சிருவான். என்னத்துக்குன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்பாள். அதனால் ரோட்டின் அந்தத் தலைக்குப் போனதும் பூட்டுவார்கள். அடுத்தவள் தன் நம்பரில் திறப்பாள், இந்தத் தலைக்கு வந்ததும் பூட்டுவாள். பூட்டு, திற, பூட்டு, திற. ஒரு விடியற்காலைக்கு எத்தனை தடவை என்று யாரும் எண்ணவில்லை. சீட்டுக்கு அடியில் இருந்தது மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது.

கிரேசி அக்காவுக்கு வளைவு வராது. நேராகப் போவாள், நேராகவே போய்க்கொண்டிருப்பாள். ஒரு நாள் அப்படியே போய் மாமாவின் வயலுக்குள் இறங்கிவிட்டாள். நட்டு நாலு நாள் ஆன நாற்று. சைக்கிள் மேலே, அவள் கீழே. நெற்றியில் கல் கிழித்து ரத்தம். எல்லோரும் பதறி நிற்க, மடை திறக்க வந்த பொன்னுலிங்கம் மாமா வரப்பில் நின்று மெதுவாகச் சொன்னார்:

"நாத்து நட எனக்கு ஆளு கெடைக்காம அலைஞ்சேன். சொல்லியிருந்தா கூலி தந்திருப்பேனே தங்கச்சி. ஆனா தலகீழா நட்டுட்டீய."

ரத்தத்தோடு கிரேசி அக்காவும் சிரித்துவிட்டாள். மறுநாள் விடியற்காலை போனபோது, ரோட்டின் வயல் பக்கம் நெடுக வைக்கோல் விரித்திருந்தது. விழுந்தால் அடி படாது. மாமா தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு வரப்பை வெட்டிக்கொண்டிருந்தார். எந்த நாளும் அவர் அவர்கள் பக்கம் திரும்பி நின்றதே இல்லை.

அம்மாதான் அவரிடம் போய்ப் பேசினாள். "அண்ணாச்சி, நாங்க இங்க வாறது வெளிய தெரிஞ்சா எட்டு வீடு நாறிப்போவும். ஆருட்டயும் சொல்லிராதீங்க."

"நானா? நான் இங்க கண்டது எட்டு கொக்கு. கொக்கு சைக்கிளு சவுட்டிச்சுன்னு சொன்னா என்னையத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவான்."

"வெளையாட்டில்ல அண்ணாச்சி. கிரேசிக்க மாப்பிளயப் பத்தித் தெரியும்லா?"

தெரியும். ஊருக்கே தெரியும். யேசுரத்தினம் ரப்பர் வெட்டப் போகிறவன். பொண்டாட்டி கடைக்குப் போனால் எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்பான். ஆட்டோக்காரனிடம் சில்லறை வாங்கும்போது சிரித்தாள் என்று ஒரு தடவை கையை முறித்திருக்கிறான். நெற்றிக் காயத்துக்கு அலமாரிக் கதவு இடித்தது என்று சொல்லி வைத்திருந்தாள் கிரேசி அக்கா.

மாமாவின் சிரிப்பு நின்றுபோனது. தான் கும்பிடுகிற அய்யாவின் நாமத்தை நெற்றியில் தொட்டுக் காட்டினார். "அய்யா மேல ஆணை தங்கச்சி. ஆரு கேட்டாலும் எனக்கு ஒண்ணும் தெரியாது."

அந்த வாக்கைக் கேட்டு அன்றைக்கு நந்தனாவுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது!

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் ஸ்ரீஜித் சார் அவளைப் படிப்பகத்துக்கு வரச் சொன்னார். மேசையில் லேப்டாப். திரையில் ஊரின் படம். அதன்மேல் மெல்லிய கோடுகளும் சிவப்புப் புள்ளிகளும். சந்தையில் ஒரு புள்ளி, ஆஸ்பத்திரியில் ஒரு புள்ளி, பள்ளிக்கூடத்தில் ஒரு புள்ளி. கிழக்கே, எதுவுமே இல்லாத பச்சையில், எல்லாவற்றையும்விடப் பெரிதாக, பழுத்து வெடித்த அத்திப்பழம் மாதிரி ஒன்று.

"இது என்னன்னு எங்க புரொபசருக்கே புரியல நந்தனா" என்றார் ஸ்ரீஜித் சார். "காலையில சந்தையில இருந்து சைக்கிள் எல்லாம் இங்க போகுது. வேற வேற ஆளுங்க, வேற வேற நம்பர். எறங்குறாங்க, ஏறுறாங்க, எறங்குறாங்க. டவுன்லகூட இவ்வளவு இல்ல. வயலுக்கு எதுக்கு இத்தனை பேர் போறாங்க?"

நந்தனாவுக்குத் தெரியும். அந்தப் புள்ளிக்குள் அம்மா இருந்தாள். கிரேசி அக்கா இருந்தாள். சார் ஒருவர் மட்டும் இருந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பாள். சார், யார்கிட்டயும் சொல்லாதீங்க என்று காலில் விழுந்தாவது சொல்லியிருப்பாள். ஆனால் இரண்டு நாற்காலி தள்ளி, பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு பெரியப்பா இருந்தார். பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது.

"என்ன ஏலாவா? ஏலாவுக்கு ஆரு போறா?"

"பஸ்ஸுக்குப் பெரியப்பா" என்றது நந்தனாவின் வாய். அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. "சார், அந்த மண்ரோட்டக் கடந்தா மெயின்ரோடு வரும். அங்க நின்னா மார்த்தாண்டம் பஸ்ஸு காலியா வரும். அருமனப் பக்கம் போறதும் கெடைக்கும். அதான் ஆளுக சைக்கிள அங்க கொண்டு போட்டுட்டு… ஏறிப் போவாங்க. நெறைய பேரு போவாங்க சார்."

ஸ்ரீஜித் சாரின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. "அப்போ அங்க ஒரு ஸ்டாப் இல்லாமலே ஜனங்க ஒரு ஸ்டாப் உண்டாக்கிட்டாங்க! அப்படித்தானே?"

"ஆமா சார்."

"நான் அப்பமே சொன்னேம்லா, ஊரு கெழக்கதான் வளருகுன்னு" என்றார் பெரியப்பா, பேப்பரை மடித்து வைத்து. சாரைப் பார்த்து, "எனக்க தம்பி மவ. நல்லாப் படிப்பா" என்று சேர்த்துக்கொண்டார். அவர் அவளைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான்.

வீட்டில் போய்ச் சொன்னபோது அம்மா முதலில் நெஞ்சில் கை வைத்தாள். பிறகு சிரித்தாள். "நல்லவேள! எனக்க குட்டிக்கு புத்தி இருக்கப்போய்க் காப்பாத்தினா." மறுநாள் விடியற்காலை வைக்கோல் மேல் உட்கார்ந்து எட்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "ஏட்டி, மார்த்தாண்டம் பஸ்ஸு வந்தாச்சா?" என்று சைக்கிளில் வந்து இறங்கிய ஒவ்வொருத்தியிடமும் ஜெபகுமாரி கேட்டாள். நந்தனாவும் சிரித்தாள். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் டவுனில் இருக்கிற ஒரு வக்கீல் குடும்பம். பஸ் ஸ்டாண்டும் கடைகளும் வந்தால் மிச்ச நிலம் பொன்னாகும் என்று அவர்கள் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்கள் என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்?

மார்கழியில், ஏலாவில் பஸ் ஸ்டாண்டு வரப்போகிறது என்று பள்ளிக்கூட பிரேயரில் அறிவித்தார்கள். ஸ்ரீஜித் சார் வந்து திரையில் அந்தப் புள்ளியைப் போட்டுக் காட்டினார். ஜனங்களின் காலே தீர்மானித்த இடம் என்றார். நம் பள்ளி மாணவி நந்தனாவின் உதவிக்கு நன்றி என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்தில் நின்ற பிரிஜா தட்டவில்லை. அவள் நந்தனாவின் கையைப் பிடித்தாள்.

அன்றைக்குச் சாயங்காலமே நந்தனா அம்மாவிடம் கேட்டாள்.

"சொல்லிரட்டாம்மா? அது பஸ்ஸுக்குப் போன ஆளில்லன்னு?"

"பின்ன ஆருன்னு கேப்பான்."

"நான் மட்டும்னு சொல்லுதேன்."

"எட்டு நம்பர் இருக்குல்லாட்டி. ஒவ்வொண்ணா விளிச்சுப் பாப்பான். எனக்க நம்பரு உங்க பெரியப்பா பேர்ல எடுத்தது. கிரேசி போன அந்தப் பய யேசுரத்தினம்தான் எடுப்பான். ஏலாவுல ஒரு ஆம்பள எனக்கு வைக்கோல் விரிச்சுத் தந்தான்னு சொன்னா அவன் காதுல அது எப்பிடி விழும்? நீயே சொல்லு."

நந்தனா யோசித்துப் பார்த்தாள். உண்மை, பொய்யைவிட அசிங்கமாகக் கேட்டது.

"அப்போ பொன்னுலிங்கம் மாமாவுக்க நெல்லு?"

அம்மா அரிசியைக் களைந்தாள். களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி களைந்தாள். பிறகு, "இதெல்லாம் ஆபீஸ்ல கெடந்து வருசக்கணக்கா இழுக்கும். அதுக்குள்ள அறுப்பு முடிஞ்சிரும். நீ படி" என்றாள். அந்த வாரத்தோடு நடைக்கூட்டம் நின்றது. எட்டு பேருக்கும் சர்க்கரை குணமாகிவிட்டது.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நந்தனா ஸ்ரீஜித் சாருக்குப் போன் செய்தாள். "சார், அந்த ஏலாப் புள்ளி… அது பஸ்ஸுக்குப் போறவங்க இல்ல சார்." "பின்ன யாரு?" என்றார் சார். ரோட்டில் பெரியப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. "தெரியாது சார்" என்று வைத்துவிட்டாள்.

ஆபீஸில் கிடந்து இழுக்கவில்லை. தை பிறந்ததும் டிப்பர் வந்துவிட்டது.

இரண்டாவது டிப்பர் மண் பெட்டியைத் தட்டுவதற்குத் தூக்கத் தொடங்கியபோது, ரோட்டில் ஒரு ஜீப் வந்து நின்றது. தாலுகா ஆபீஸிலிருந்து ஒரு அம்மாள் இறங்கினாள். கண்ணாடி, கையில் ஃபைல், புழுதிக்கு முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். கையைக் காட்டியதும் டிரைவர் நிறுத்தினான். பாதி தூக்கிய பெட்டியிலிருந்து கொஞ்சம் மண் மட்டும் பொலபொலவென்று உதிர்ந்தது. பொன்னுலிங்கம் மாமா கலெக்டர் ஆபீஸ் வாசலில் இரண்டு நாள் கிடந்து மனு கொடுத்திருக்கிறார் என்று அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது.

"நீங்கதானே பொன்னுலிங்கம்? இங்க ஆள் நடமாட்டமே கெடையாது, பஸ் ஸ்டாண்டு தேவையில்லைன்னு மனு குடுத்திருக்கீங்க. காலேஜ்காரங்க மேப்புல பாத்தா ஊர்லயே இங்கதான் கூட்டம்." அவள் படத்தைத் திருப்பிக் காட்டினாள். தூரத்திலிருந்தே அந்தச் சிவப்பு தெரிந்தது. "எது உண்மை?"

மாமா படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பதை நந்தனா கண்டாள். அவர் கண் ஒரு நொடி, ஒரே நொடி, மண்ரோட்டின் ஓரத்துக்குப் போனது. மண்ணுக்கு அடியிலிருந்து பழைய வைக்கோலின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது.

"நான் நெதமும் இங்கதான் கெடக்கேன் அம்மா."

"அப்போ சொல்லுங்க. இங்க யாரு வந்துட்டுப் போறாங்க?"

"கொக்கு வரும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெரியப்பா குடையைத் தட்டிச் சிரித்தார். "பொன்னுலிங்கத்துக்கு வெயிலு பிடிச்சாச்சு!"

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "விளையாடாதீங்க பெரியவரே. இந்தக் கணக்கு தப்புன்னா, ஏன் தப்புன்னு ஒரு ஆளு எனக்குச் சொல்லணும். சொன்னா இப்பவே வேலைய நிறுத்தச் சொல்லி எழுதிட்டுப் போறேன். சொல்லலைன்னா, எங்கிட்ட இருக்கிறது இந்தப் படம்தான். யோசிச்சுச் சொல்லுங்க. நான் நிக்கேன்."

நந்தனா திரும்பிப் பார்த்தாள். கூட்டத்தின் பின்னால், வாழைகளின் ஓரம், அவர்கள் வந்து நின்றிருந்தார்கள். எட்டு பேரும் இல்லை, ஆறு பேர். அம்மா முந்தானை நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஜெபகுமாரி தரையைப் பார்த்தாள். கிரேசி அக்கா அவள் புருஷனுக்கு இரண்டடி பின்னால் நின்றாள். யேசுரத்தினம் கையில் ரப்பர் வெட்டுகிற கத்தியோடு, பல் குத்திக்கொண்டு, வேடிக்கை பார்த்தான். கிரேசி அக்காவின் நெற்றித் தழும்பு வெயிலில் பளபளத்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. அவள் உதடு மட்டும் ஜெபம் சொல்கிற மாதிரி அசைந்தது.

யாராவது ஒருத்தி வாயைத் திறந்தால் போதும். நந்தனா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒவ்வொரு முகமும் அவளைப் பார்த்தது. அந்தப் பொய்யை உருவாக்கியவள் நீதானே என்கிற பார்வையா, காப்பாற்றிவிடு என்கிற பார்வையா, அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

அவள் தொண்டையைச் செருமினாள். "மேடம்…" என்றாள். காற்றுதான் வந்தது. யாருக்கும் கேட்கவில்லை. பெரியப்பாவுக்கு மட்டும் கேட்டிருக்க வேண்டும். "ஏட்டி, நீ இன்னும் போகல்லியா?" என்றார்.

பொன்னுலிங்கம் மாமா வயலிலிருந்து ஏறினார். கால் கழுவப் போகிறவர் மாதிரி, நந்தனா நின்ற இடத்துக்குப் பக்கத்தில் தோட்டில் இறங்கினார். குனிந்து, ஒரு காலைத் தேய்த்தார். மறு காலைத் தேய்த்தார். தண்ணீர் சிவப்பாக ஓடியது. அவளுடைய கழன்ற செருப்பு அங்கேதான் கரைச் சேற்றில் கிடந்தது. அதை எடுத்து அலசி, அவள் காலடியில் வைத்தார். தலையை நிமிர்த்தாமலே, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார்.

"அந்தப் பெட்டிக்க வேலயா மக்களே?"

அவள் தலையசைத்தாள். கண்ணிலிருந்து ஒரு துளி பொட்டென்று செருப்பு மேல் விழுந்தது.

"கரையாத, கண்ணத் தொடை. நீ வேணும்னேயா செய்த? எனக்கு உன் மேல ஒரு கோவமும் இல்ல கேட்டியா." அவர் இன்னும் கொஞ்சம் தண்ணீரை அள்ளி, சேறு போன காலிலேயே மறுபடி ஊற்றினார். "கோவப்பட்டா நல்லாருக்கும். வரமாட்டேங்கு. நான் உங்க அம்மைக்கு அய்யா மேல ஆணையிட்டுச் சொன்னவன். அத நானா முறிக்க மாட்டேன். முறிச்சா நாளைக்கு அந்தக் கிரேசிப் பிள்ளைக்கு என்ன ஆவும்னு எனக்குத் தெரியும். முறிக்கலன்னா…" அவர் வயலைத் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் அந்தப் பக்கம் லேசாக அசைத்தார். "அறுப்புக்கு இன்னும் ஒரு மாசம். பாலு கெட்டியாயிட்டு மக்களே. கடிச்சுப் பாத்தேன் இன்னைக்குக் காலம்பற."

ரோட்டில் அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள். டிரைவர் இஞ்சினை நிறுத்தாமல் வைத்திருந்தான். பாதி தூக்கிய பெட்டி நடுங்கிக்கொண்டே இருந்தது. வாழைகளின் ஓரத்தில் யேசுரத்தினம் பல் குத்துவதை நிறுத்திவிட்டு, இவர்கள் இருவரும் என்ன பேசுகிறார்கள் என்று இந்தப் பக்கம் பார்க்கத் தொடங்கியிருந்தான்.

மாமா எழுந்து நின்றார். தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பள்ளிக்கூடம் போகிற ஒரு பிள்ளையிடம் கேட்கிற மாதிரி இல்லை. தன் உடன்பிறந்தவளிடம் அனுமதி கேட்கிற மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு, அவள் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"அந்த அம்மா காத்து நிக்காவ. நீயே ஒரு வார்த்த சொல்லு மக்களே. நான் போயி என்னத்தச் சொல்லட்டும்?"